மேற்கே ஒரு குழந்தைசாமி

சாலம்மாள் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கும் மேலாகத் தன் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. முதல்முறையாகச் சொன்னபோது அதைத் தூக்கி ஒரு மேகத்துக்கு வைத்துவிட்டாள்.

புருஷன் பெயர் குழந்தைசாமி. சொல்லாமலே சொல்வதற்கு அதைவிட வசதியான பெயர் கிடையாது. ரேஷன் கடையில் "ஊட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டால், வரிசையில் யார் இடுப்பிலாவது இருக்கும் பிள்ளையைக் காட்டுவாள். அப்புறம் சுவர்க் காலண்டரில் இருக்கும் சாமியைக் காட்டுவாள். பக்கத்தில் நிற்பவள் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். ஒருநாள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த பையன் பேர் கேட்டபோது பக்கத்தில் யாரும் இல்லை. அவள் காட்டிய தெருப் பிள்ளையையும் காலண்டர் முருகனையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எல்லாம் விளங்கிவிட்ட முகத்தோடு 'பாலமுருகன்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் "பாலமுருகன் வீடு இதாங்களா?" என்று வாசலில் வந்து நின்றவனிடம் குழந்தைசாமி, "அப்படி யாரும் இங்க இல்லயே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் பெண்டாட்டி அடுப்பங்கரையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்தார்.

"சிரி, சிரி. ஒரு நாள் என் பேர நீ சொல்லத்தான் போற."

"சொன்னா உங்க ஆயுசு கொறஞ்சிடும்."

"பாலமுருகன்னா கூடுமா?"

குழந்தைசாமி மரக்காணம் உப்பளத்தில் தெற்கு அளத்துக்கு மேஸ்திரி. மோட்டார் போட்டுப் பாத்திகளுக்குத் தண்ணீர் விடுவார். எந்தப் பாத்தியில் உப்பு வாரலாம், எதை இன்னும் காயவிட வேண்டும் என்று சொல்வார். முக்கியமாக வானத்தைப் பார்ப்பார். அதற்கென்றே முதலாளி ஒரு விசில் வாங்கிக் கொடுத்திருந்தார். மற்ற ஊர்களில் மழையைக் கும்பிட்டுக் கூப்பிடுவார்கள். உப்பளத்தில் மழை என்பது அறுவடைக்குள் புகுந்த மாடு. விசில் ஊதினால் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பாத்தியில் விளைந்ததை வாரிக் கரையேற்றி, குவியல்களைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடியாக வேண்டும். பேச்சே கிடையாது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதத்தில் ஒருநாள் அந்த விசில்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கோட்டக்குப்பத்து உப்பு வியாபாரி பாய் வீட்டில் கல்யாணம். அளத்து ஜனங்கள் மொத்தத்துக்கும் அழைப்பு. வேனே அனுப்பியிருந்தார். பெண்கள் கால் கை கழுவி, தூக்குப் பைக்குள் மடித்து வைத்திருந்த நல்ல புடவையை மோட்டார் கொட்டகை மறைவில் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூட வேலை செய்யும் சவரியம்மாள் பவுடர் டப்பாவைத் தட்டி உள்ளங்கையில் கொட்டிய நேரம், விசில் கிளம்பியது.

"யோவ் மேஸ்திரி, வெளையாடாத! பிரியாணிக்குப் போறோம்!"

"மேக்கால பாரு! அரை மணி நேரத்துல கொட்டிடும்! வாரு, வாரு!"

திண்டிவனம் பக்கம் வானம் தார் ஊற்றியதுபோல் இருந்தது உண்மைதான். நல்ல புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு உப்பு வாரும் பலகையைப் பிடித்தார்கள். உப்பு இன்னும் மணி மணியாகத் திரளாத பாத்தியைக்கூட வாரினார்கள். உப்பு மாவு மாதிரி வந்தது. வேன் மூன்று தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வடக்கு அளத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மேகம் வந்தது. தலைக்கு மேல் நின்று உறுமியது. குழந்தைசாமியின் வழுக்கைத் தலையில் இரண்டு சொட்டுப் போட்டது. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்ததுபோலக் கடல் பக்கம் போய்விட்டது.

டவுன் பஸ் பிடித்துக் கோட்டக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது பாயே வாசலுக்கு வந்து கையைப் பிசைந்தார்.

"அடடா, இப்பதாம்மா கடேசி பிரியாணி தேக்சாவக் கழுவப் போட்டாங்க. வெறும் சோறு இருக்குது, தால்ச்சா இருக்குது…"

தால்ச்சாவில் கத்தரிக்காய்க் காம்பு மிதந்தது. சவரியம்மாள் அதை எடுத்துக் குழந்தைசாமியின் இலையில் வைத்தாள்.

இது நடந்து சில நாள் கழித்து மேற்கே மறுபடியும் கறுத்தது. கைகள் நின்றன. குழந்தைசாமி மோட்டார் கொட்டகைக்குள் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி சாலு, மழ வருமா?" என்றாள் சவரியம்மாள்.

சாலம்மாள் குனிந்து பலகை இழுத்துக்கொண்டிருந்தாள். நாக்கில் அந்தப் பிரியாணி இன்னும் வராமலே இருந்தது. தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள்.

"மழயா? அது குழந்தைசாமி. வரும், உறுமும், ஊரார் சோத்தக் கெடுக்கும், போயிடும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெண்கள் பலகையைக் கீழே போட்டார்கள். பெண்டாட்டி வாயிலிருந்து புருஷன் பெயர், அதுவும் அட்சரம் பிசகாமல்! அப்புறம் சவரியம்மாள் சிரித்த சிரிப்பில் தலைமேல் இருந்த கூடை சரிந்து, உப்பு முதுகெல்லாம் கொட்டியது. மேகம் சொன்னபடியே வந்தது, உறுமியது, போய்விட்டது. புருஷனுக்கு ஆயுசும் குறையவில்லை. சாயங்காலம் வழக்கம்போல இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். பேர் கிளம்பிவிட்டது. மறுநாள் வடக்கு அளத்தில் சொன்னார்கள். அந்த வாரத்துக்குள் கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடையில் சொன்னார்கள். அனுமந்தை மீனவர்கள் அதைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேகத்தோடு நிற்கவும் இல்லை. ஸ்டாப்பிங்கில் வேகத்தைக் குறைத்து, ஆட்களைப் படிக்கட்டுப் பக்கம் ஓடவிட்டு, நிற்காமல் போகும் பஸ் ஒரு குழந்தைசாமி. இருமி இருமிக் கடைசியில் கிளம்பாத மோட்டார் ஒரு குழந்தைசாமி. பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, "போய் போன் பண்றோம்" என்று எழுந்து போன மாப்பிள்ளை வீட்டாரும் குழந்தைசாமிகள்தான்.

குழந்தைசாமிக்கு விஷயம் தெரிந்தது சிங்காரத்தின் டீக்கடையில். கடைக்காரன் சிங்காரம் முதுகைக் காட்டிக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தான். துணி காயப் போடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "தைரியமா போடு, அது குழந்தைசாமிதான்" என்றான். திரும்பினால் குழந்தைசாமியே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார்.

"டேய், என் பேர எதுக்குடா மேகத்துக்கு வச்ச?"

"நான் எங்கண்ணே வச்சேன்? எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்றேன். இப்ப ஜெராக்ஸுன்றோம். அது ஒரு கம்பெனி பேராம், எம் பையன் சொன்னான். அந்தக் கம்பெனிக்காரன் வந்து எங்கிட்ட சண்ட போட்டானா?"

"அவனுக்குக் காசு வருதுடா. எனக்கு என்னாடா வருது?"

"உனக்கு மேகம் வருதுல்ல!"

பெஞ்சி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு லாரி டிரைவர் வந்து, "ஒரு விருத்தாம்பாள் குடுப்பா" என்றான். அரை கிளாஸ் டீ, இரண்டு மடங்கு சர்க்கரை. அந்தக் கடையில் அதற்குப் பேர் விருத்தாம்பாள். குழந்தைசாமி சட்டென்று கேட்டார்:

"டேய், யார்றா அந்த விருத்தாம்பாள்?"

சிங்காரம் யோசித்தான். "யாருக்குண்ணே தெரியும்? எங்கப்பா கடை வச்சிருந்தப்பவே அப்படித்தான். ஆளு பேரா அது?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சாலம்மாள் இரண்டு தடவை ரசம் ஊற்றிப் பார்த்தாள்.

"ஒரு பொம்பள இருந்திருப்பா, சாலு. சக்கரைக்கு அலைஞ்சிருப்பா. புருஷன், புள்ள, ஊடு, வாசல் எல்லாம் இருந்திருக்கும். இப்ப அரை கிளாஸ் டீதான் இருக்குது. நாளைக்கி நானும் செத்துட்டா மேகந்தான் இருக்கும். ஆளு இருக்க மாட்டான்."

சாலம்மாள் ரசச் சொம்பைக் கீழே வைத்தாள். "சாப்புடுங்க. மேகம் நல்லாத்தான இருக்குது" என்றாள். அது அவ்வளவு ஆறுதலாக இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

முதலில் வைத்தது யார் என்று கண்டுபிடித்தே தீருவது என்று குழந்தைசாமி கிளம்பினார். அளத்து ஜனங்களை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கு ஒரு பிடி உப்பைக் கையில் கொடுத்து, "நான் வைக்கல" என்று சத்தியம் வாங்கினார். உப்புக் கையோடு பொய் சொன்னால் வாய் வெந்துவிடும் என்பது அங்கே பேச்சு. ஒவ்வொருத்தியாக உப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, சாலம்மாளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "நான் வைக்கல மேஸ்திரி" என்றாள். அத்தனையும் உண்மை. யாருக்கும் வாய் வேகவில்லை. சாலம்மாளின் முறை வந்தபோது அவளும் பயந்து பயந்து கையை நீட்டினாள்.

"நீ எதுக்குடி நீட்டற?" என்று குழந்தைசாமி அந்தக் கையைத் தட்டிவிட்டார். "உன் வாயிலதான் என் பேரே வராதே!"

சவரியம்மாளுக்கு அப்போது வந்த இருமல் வெகுநேரம் நிற்கவில்லை.

இதற்கு நடுவில் சாலம்மாளுக்கு ஒரு வசதி வாய்த்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பெயர் மேகத்துடையது ஆகிவிட்டதால் அவள் அதை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்த மகள் ஜான்சி போன் பண்ணி, "அங்க மழயாம்மா?" என்று கேட்டால், "எங்கடி மழ, வெறும் குழந்தைசாமி" என்பாள், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே.

"இப்ப என்னா சொன்ன?"

"மேகத்தச் சொன்னேன்."

"எந்த மேகத்த?"

"நீங்க என்னாங்க, ஊருல இருக்கற மேகமெல்லாம் உங்களுதா?"

அவர் மறுபடியும் வேட்டியைச் சரிசெய்ய ஆரம்பிப்பார். சாலம்மாளுக்கு அந்தப் பெயர் நாக்கில் கற்கண்டு மாதிரி இனிக்கும். இத்தனை வருஷமாக அடுத்தவள் பிள்ளையையும் காலண்டரையும் காட்டியே கை வலித்தவளுக்கு, ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆள் பெயரைச் சொல்லக் கிடைத்தது சின்ன விஷயமா?

வருஷங்கள் ஓடின. போன வருஷம் ஆனியில் வார்டு இடைத்தேர்தல் வந்தது. பழைய மெம்பர் மகனோடு சென்னைக்கே குடிபோய்விட்டதால் இடம் காலி. குழந்தைசாமி நிற்பதாகச் சொன்னபோது சாலம்மாள் கையிலிருந்த முறம் அப்படியே நின்றுவிட்டது.

"உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"பஞ்சாயத்து ஆபீசுல மெம்பர் பேரெல்லாம் போர்டுல எழுதிப் போடுவாங்க பாத்திருக்கியா? பெயிண்டுல. திருன்னு போட்டு, அப்புறம் பேரு. போர்டுல ஏறிட்டா எவனாச்சும் மேகத்தப் பாத்து அந்தப் பேரச் சொல்லுவானா? திரு போட்ட பேருடி! அது ஆளோட பேராத்தான் இருக்கணும்."

ரோடு போடுவதற்காக நின்றிருந்தால் தடுத்திருப்பாள். இது அவள் வாய் செய்த காரியம். முறத்தைக் கீழே வைத்தாள். "நானும் வர்றேன் ஓட்டு கேக்க" என்றாள்.

வார்டில் பாதி அளத்துத் தெரு. மீதி மேட்டுத் தெரு. அங்கே எல்லாம் விவசாயம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பூ விட்டு நிற்கும் நேரத்தில் மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிய ஜனங்கள். அவர்களுக்குக் குழந்தைசாமி என்றால் சிரிப்பு இல்லை, வயிற்றெரிச்சல். எதிர்த்து நின்றவன் மேட்டுத் தெரு மணிவண்ணன். டிராக்டர் வாடகைக்கு விடுபவன், உரக்கடை வைத்திருப்பவன், மைக் கிடைத்தால் விடாதவன். அவனுக்குச் சின்னம் பூசணிக்காய். குலுக்கலில் குழந்தைசாமிக்கு வந்தது குடை.

மணிவண்ணனுக்கு அதற்குமேல் வேறு என்ன வேண்டும்?

"அன்பான வாக்காளப் பெருமக்களே! குழந்தைசாமிக்குக் குடை எதுக்குன்னு கேக்கறேன். அவரு வந்தாத்தான் மழயே வராதே! பூசணிக்காய்க்குப் போட்டா பைப்பு வரும், ரோடு வரும். குடைக்குப் போட்டா? அவரு என்னா பண்ணுவாரு?"

மைக் கட்டிய ஆட்டோவுக்குப் பின்னால் ஓடிவந்த கூட்டம் ராகம் போட்டுக் கத்தியது: "வரும்! உறுமும்! போயிடும்!"

வாசலில் நின்றிருந்த சாலம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். அத்தனையும் அவள் சொன்ன சொல். ஊரார் சோற்றை மட்டும் எவனோ வழியில் உதிர்த்துவிட்டிருந்தான். மைக்கில் கேட்கும்போது இன்னும் எடுப்பாகத்தான் இருந்தது என்பது வேறு அவளைக் குத்தியது.

அவளுடைய பிரச்சாரமும் சுகமாக இல்லை. மேட்டுத் தெருவில் ஒருத்தி வெடுக்கென்று கேட்டாள்:

"யாருக்கும்மா ஓட்டு கேக்கற? பேரச் சொல்லு."

சாலம்மாள் குடையை விரித்துக் காட்டினாள்.

"சின்னம் தெரியுது. ஆளு?"

"எங்க ஊட்டுக்காரரு."

"உங்க ஊட்டுக்காரருக்குப் பேரு இல்லியா?"

பழக்கதோஷத்தில் சாலம்மாளின் விரல் வானத்தைக் காட்டக் கிளம்பியது. பாதியில் மடக்கிக்கொண்டாள். மேகம் என்றால் தாராளமாக வரும் பெயர், ஆள் என்றதும் தொண்டையில் நின்றது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மெதுவாக ஒரு யோசனை சொன்னாள். "நம்ம தெருவுல இப்படிப் பேசிப் பாருங்களேன். மழ பெய்யாத மேகம் அளத்துக்கு நல்லதுதான? நான் நல்ல மேகம்னு சொல்லுங்க."

"நான் மேகம் இல்லடி," என்றார் குழந்தைசாமி. "ஆளு."

சாலம்மாள் மறுநாள் அளத்தில் பெண்களைக் கூட்டிவைத்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "எலெக்சன் முடியற வரைக்கும் எவளும் அந்தப் பேர மேகத்துக்குச் சொல்லக்கூடாது. மேகத்த மேகம்னே சொல்லுங்கடி."

"வாய் வரலியேடி," என்றாள் சவரியம்மாள். "மேகம்னா எந்த மேகம்னு எப்படித் தெரியும்?"

"தெரியலன்னா தெரியாமயே இரு."

ஓட்டுப்போடும் நாளன்று மேட்டுத் தெரு காலையிலேயே வந்து போட்டுவிட்டுப் போய்விட்டது. அளத்துப் பெண்கள் விடியலில் வேலைக்குப் போய், வாரிய உப்பைக் கரையில் குவித்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, நான்கு மணிக்கு மேல் மொத்தமாக வந்தார்கள். இவர்கள் ஓட்டில்தான் எல்லாம். பள்ளிக்கூட வாசலில் வரிசை வளைந்து நின்றது. ஓட்டுக் கேட்பவர்கள் தாண்டக்கூடாது என்று கோடு போட்ட இடத்துக்கு அந்தப்பக்கம், புளியமரத்தடியில், காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்ட குழந்தைசாமி வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் மணிவண்ணன்.

வரிசை பாதிகூட நகரவில்லை. கடல் காற்று பொட்டென்று நின்றது. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் மேற்கே திரும்பியது.

தார் ஊற்றியது மாதிரி இருந்தது.

அளத்தில் காலையில் வாரிய உப்பு அத்தனையும் மூடாமல் கிடக்கிறது. ஓடினால் இருபது நிமிஷம். மூடிவிட்டுத் திரும்புவதற்குள் கதவு சாத்திவிடுவார்கள். ஓடாமல் நின்று மழை வந்துவிட்டால் ஒரு வார உழைப்பு தண்ணீராகி வாய்க்காலில் போகும். வரிசை சலசலத்தது. சவரியம்மாள் வாயில் இரண்டு கையையும் குவித்து, கோட்டைத் தாண்டிக் கத்தினாள்:

"யோவ் மேஸ்திரி! பாத்துச் சொல்லு! இது மழயா, இல்ல… இல்ல…"

வாய்வரை வந்த சொல்லை விழுங்கியதில் அவளுக்குக் கண் பிதுங்கியது.

"குழந்தைசாமியா!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து எவனோ முடித்துவைத்தான். மணிவண்ணனுக்கும் சிரிப்பு. வரிசை முழுக்கக் குழந்தைசாமியின் வாயையே பார்த்தது.

சாலம்மாளும் வரிசையில்தான் நின்றிருந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் மூக்கை மேற்கே நீட்டி இழுத்தார். கையை உயர்த்திக் காற்றைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூட வாசலைப் பார்த்தார். 'இல்ல, அது சும்மா, நில்லுங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். போர்டு, பெயிண்டு, திரு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு அந்தப்பக்கம் இருந்தன. அவள் மனசுக்குள் சொன்னாள்: சொல்லித் தொலைங்களேன், மழ வந்தா வந்துட்டுப் போவுது.

அவர் மடியிலிருந்து விசிலை எடுத்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கும் அது மடியில் இருந்தது.

"மழதான்! மண் வாசன வருது! ஓடுங்க! தார்ப்பாய் மோட்டார் கொட்டகையில இருக்குது, ஓடுங்க!"

விசில் ஊதிய வேகத்தில் மணிவண்ணனே இரண்டடி பின்னால் போனான். தனக்கு நஷ்டம் வரும்படி ஒருத்தன் சொன்னால் அது பொய்யாக இருக்காதே. ஒருத்திகூட நிற்கவில்லை. கையில் ஓட்டுச் சிலிப்போடு மொத்த வரிசையும் ஓடியது. சாலம்மாளும் ஓடினாள். எல்லாருக்கும் முன்னால், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேட்பாளர் ஓடினார்.

மூடினார்கள். கீற்றை இழுத்து, தார்ப்பாயைக் கட்டி, ஓரத்தில் கல்லும் வைத்தாயிற்று. எல்லாரும் இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். மேகம் வந்தது. தலைக்கு மேல் நின்றது. உறுமியது. குழந்தைசாமியின் வழுக்கையில் இரண்டு சொட்டு விழுந்தது. அவர் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கடல் பக்கம் போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சவரியம்மாள் சிலிப்பைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்த தார்ப்பாய்க் கயிற்றை இன்னும் ஒருமுறை இறுக்கினாள்.

விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் மணிவண்ணன் ஜெயித்தான். அன்றைக்கு ஓடியவர்களில் கால்வாசிப் பேர் போட்டிருந்தால் போதும். போர்டில் அவன் பெயர் ஏறியது, திருவோடு.

குழந்தைசாமி நக்கலுக்குத் தயாராகி, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நக்கல் வரவில்லை. மேற்கே ஒன்று கறுத்தது. "மேகம்" என்றாள் ஒருத்தி. டீக்கடைக்குப் போனார். பஸ் ஒன்று நிற்காமல் போனது. "பஸ்ஸு போயிடுச்சி" என்றான் சிங்காரம். தங்கள் உப்புக்காகப் போர்டை விட்டவர் என்று ஜனங்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். யாரும் சொல்லிவைக்கவில்லை, கட்டுப்பாடு போடவில்லை. அந்தப் பெயரை மேகத்துக்குச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

"என்னாடா அது வானத்துல?" என்று சிங்காரத்தைச் சோதித்துப் பார்த்தார்.

"மேகம்ணே."

"என்னா மேகம்?"

"சும்மா மேகம்ணே," என்று சொல்லிவிட்டு மரியாதையாகப் பெஞ்சியைத் துடைத்துக் கொடுத்தான். "உக்காருங்க. டீ போடட்டுமா?"

ங்க போட்டுவிட்டான்! பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் திருப்பிக் கேட்ட பெயர் வந்துவிட்டது. முழுசாக, சுத்தமாக, அவருக்கே அவருக்கென்று. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஒருநாளைக்கு நூறு வாயில் புழங்கிய பெயரை இப்போது முதலாளி மட்டும்தான் கூப்பிட்டார், அதுவும் மோட்டார் ரிப்பேர் என்றால்.

"ஏண்டி," என்றார் வீட்டில். "ஜான்சி போன் பண்ணிச்சே. மழயான்னு கேட்டுச்சே. நீ என்னா சொன்ன?"

"மேகம்னு சொன்னேன்."

"ம்," என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "வெறும் மேகம்னா சொன்ன?"

சாலம்மாளுக்கும் வாய் நமநமவென்றது. வருஷக்கணக்காகச் சப்பிய கற்கண்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பழையபடி ஊரார் பிள்ளையையும் காலண்டரையும் காட்டும் பிழைப்பா இனிமேல்?

ஆடி பிறந்து ஒருநாள். வேலை மும்முரம். மேற்கே ஒன்று கிளம்பியது. கொழுத்த கறுப்பு, ஓரத்தில் மினுக்கல், உறுமல் எல்லாம் சரியாக இருந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி வழக்கம் தெரியாமல், "அய்யோ, மழயா?" என்று கேட்டுவிட்டாள். சவரியம்மாள் "இல்லடி, அது கு…" என்று தொடங்கி, மேஸ்திரியைப் பார்த்து, "…கும்முனு இருக்குது" என்று எப்படியோ முடித்தாள். புதியவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பலகையைப் போட்டுவிட்டு ஓடலாமா, நிற்கலாமா என்று தவித்தாள்.

வரப்பின்மேல் நின்றிருந்த குழந்தைசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏன், எல்லாரும் வாயில உப்ப அடக்கிக்கினு நிக்கறீங்க? அந்தப் பொண்ணு கேக்குதில்ல, சொல்லுங்களேன்! குழந்தைசாமிம்மா அது! பாத்தாத் தெரியல? வரும், உறுமும், போயிடும். நீ பாட்டுக்கு வாரு!"

எல்லாத் தலையும் மேஸ்திரி பக்கம் திரும்பியது. அப்புறம் சவரியம்மாளின் கூடை சரிந்தது. அந்தச் சிரிப்பு வடக்கு அளம்வரை கேட்டிருக்கும். "ஊரார் சோத்தக் கெடுக்கும், அத உட்டுட்டியே மேஸ்திரி!" என்று அவள் கத்த, அவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மேகம் அவர் சொன்னபடி நடந்துகொண்டது.

வேலை முடிந்து பெண்கள் கால் கழுவப் போனார்கள். குழந்தைசாமி மோட்டாரை நிறுத்திவிட்டு, சாலம்மாள் கடைசிக் குவியலுக்குக் கீற்று இழுத்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆனா ஒண்ணு சாலு. மொதல்ல இந்தப் பேர வச்சான் பாரு, அவன் மூளக்காரன். பொருத்தமாத்தான் வச்சிருக்கான். எவனா இருப்பான்?"

"அது என்னா, எவன்னு சொல்றீங்க?" என்றாள் சாலம்மாள் கயிற்றை முடிந்துகொண்டே. "பொம்பளைக்கி மூள இருக்கக்கூடாதா?"

குழந்தைசாமி அவளைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து, கையை நெற்றியில் வைத்து, கிழக்கே கடல்மேல் கரைந்துகொண்டிருந்த கறுப்பைப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"குழந்தைசாமி கடலுக்குப் போயிடுச்சி. நீங்க ஊட்டுக்கு வாங்க."